தனியாகக் கரீபியன் தீவுகளுக்கு க்ரூஸ் போகலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

அலையாத்தி:

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் லீவு போட்டுவிட்டு கரீபியன் தீவுகளைக் கப்பலில் ஒரு சுற்று சுற்றி வரலாம் என்று இருக்கிறேன், தனியாக. சொந்த ஊர் காரைக்கால், வேலை அட்லாண்டாவில், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தோழிகளுக்கெல்லாம் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பரீட்சை, மாமியார் வருகை என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது, அவர்களுக்காகக் காத்திருந்தால் இது நடக்கவே நடக்காது. அம்மா மட்டும் ஒவ்வொரு போனிலும் "நடுக்கடல்ல ஒத்தப் பொம்பளையா ஏதாவது ஆச்சுன்னா யாருடி இருக்கா" என்று கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் சரியான பதில் இல்லை, அதற்காகவும்தான் இங்கே கேட்கிறேன்.

விலை பார்க்கும்போது ஒரு ஆள் என்று போட்டால் கட்டணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காட்டுகிறது. எல்லாக் கப்பலிலும் இப்படித்தானா? கேசினோ, நீச்சல்குளம், சறுக்குமரம் இதிலெல்லாம் எனக்கு நாட்டம் இல்லை, தீவுகளைப் பார்க்க வேண்டும். முடிந்தால் குவாதலூப், மார்த்தினிக் இரண்டில் ஒன்றிலாவது இறங்க வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள் என்று கேட்டே வளர்ந்தவள் நான். எந்த வழித்தடம், எந்தத் துறைமுகத்தில் ஏறுவது, தனியாக இருப்பவருக்கு எது தோது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பைசா_பார்ப்பவன்:

கட்டண விஷயத்தை நான் சொல்கிறேன். க்ரூஸ் கம்பெனிகள் ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் விலை போடுகின்றன. ஒருவர் போனால் காலியாக இருக்கும் அந்த இன்னொரு படுக்கைக்கும் சேர்த்து உங்களிடமே வாங்கிவிடுகிறார்கள், பெரும்பாலும் முழுசாக இன்னொரு பங்கு. ஆனால் துறைமுக வரி, தினப்படி டிப்ஸ் இரண்டும் தலைக்கு இவ்வளவு என்பதால் அவை இரட்டிப்பதில்லை. டிப்ஸ் மட்டுமே ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலருக்கு மேல் வரும். அதனால் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். முதல் பக்கத்தில் காட்டும் விலையைப் பார்த்து மனதை விட்டுவிடாதீர்கள், கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள்.

ஒற்றை ஆளுக்கென்றே கட்டிய கேபின்களும் உண்டு. நார்வேஜியன் எபிக் கப்பல் 2010-இல் வந்தபோது அதில் 128 சின்ன அறைகளை 'ஸ்டூடியோ' என்று போட்டார்கள். சுமார் 100 சதுர அடிதான், கடல் பார்க்கும் ஜன்னல் கிடையாது, ஆனால் அந்த அறைக்காரர்கள் மட்டும் நுழையக்கூடிய ஒரு தனிக்கூடம் உண்டு. அந்த ஏற்பாடு நன்றாகப் போகவே மற்ற சில கம்பெனிகளும் தொடங்கின, ராயல் கரீபியனின் சில கப்பல்களில் ஒற்றை ஆளுக்குப் பால்கனி வைத்த அறைகூட இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்த அறைகள் எண்ணிக்கையில் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் சில சமயம் சாதாரண உள் அறையை முழு விலை கொடுத்து எடுப்பதைவிட ஸ்டூடியோவின் விலை கூடுதலாக நிற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். "தனி ஆளுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை" என்று விளம்பரம் வந்தால் அடிப்படை விலையையே ஏற்றி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

ஜனவரி நல்ல தேர்வு. புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு, பிப்ரவரி நடுவில் வரும் விடுமுறைக்கு முன்னால் விலை கொஞ்சம் இறங்கும். இன்னும் மலிவு வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபர். ஆனால் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் காலம், செப்டம்பர்தான் உச்சம். கப்பல் புயலைச் சுற்றிப் போய்விடும், நீங்கள் பார்க்க நினைத்த தீவு பட்டியலிலிருந்து போய்விடும். தீவுக்காகவே போகிறவர் அந்த மாதங்களைத் தொடவே கூடாது.

தனிவழி:

அலையாத்தி, உங்கள் அம்மாவுக்குச் சொல்ல ஒரு பதில் என்னிடம் இருக்கிறது. அமெரிக்காவில் 2010-இல் க்ரூஸ் கப்பல் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். அமெரிக்கத் துறைமுகத்தில் ஆள் ஏற்றி இறக்கும் பெரிய கப்பல்களுக்கெல்லாம் அது பொருந்தும். கைப்பிடிக் கம்பி குறைந்தது 42 அங்குல உயரம் இருக்க வேண்டும், வெளியில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கக் கேபின் கதவில் கண்துளை இருக்க வேண்டும், கடுமையான குற்றம் நடந்தால் எஃப்.பி.ஐ.க்குத் தெரிவிக்க வேண்டும், பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு வேண்டிய மருத்துவ ஏற்பாடு கப்பலிலேயே இருக்க வேண்டும். இதெல்லாம் வந்தது பாதிக்கப்பட்ட குடும்பங்கள் விடாமல் போராடியதால். எழுதி வைத்த சட்டம் ஒன்று இருக்கிறது என்று சொன்னால் அம்மாவுக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

நானும் தனியாகத்தான் போகிறவள். கப்பலுக்குள் எனக்குப் பயம் வந்ததில்லை. மதுக்கூடத்தில் கோப்பையைக் கண்ணில் படாமல் வைக்காதீர்கள், கேபின் எண்ணை லிஃப்டில் சத்தமாகச் சொல்லாதீர்கள், நம் ஊரில் இரவு பஸ்ஸில் போகும்போது எப்படி இருப்போமோ அதே கவனம் போதும். உண்மையான கவனம் கரையில்தான் வேண்டும். கப்பல் கிளம்பும் நேரத்துக்கு முன்னாலேயே எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும், அந்த நேரம் கப்பல் கடிகாரப்படியா உள்ளூர் கடிகாரப்படியா என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் நிற்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே கொண்டு சேர்ப்பார்கள். நீங்களாக டாக்சி பிடித்துப் போய்த் தாமதமானால் கப்பல் போய்விடும். துணைக்கு ஆள் இருந்தால் "இன்னும் ஒருத்தர் வரணும்" என்று சொல்லவாவது ஒரு வாய் இருக்கும், தனியாகப் போகிறவருக்கு அதுவும் இல்லை. அதனால் தீவின் தொலைவான இடத்துக்குக் கப்பல்காரர்களோடு போங்கள், நடக்கும் தொலைவில் இருப்பதை நீங்களாகப் பாருங்கள். நான் இதைத்தான் கடைப்பிடிக்கிறேன்.

கண்ணாடி மாட்டிப் பவளப்பாறை பார்க்கத் தனியாகக் கடலில் இறங்காதீர்கள், எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் சரி. பார்படோஸில் கார்லைல் விரிகுடாவில் ஆமைகளோடு நீந்தப் படகில் கூட்டமாகக் கூட்டிப் போவார்கள், அதில் சேர்ந்துகொள்ளுங்கள். செயின்ட் தாமஸ் போனால் வெயில் கிரீமைப் பார்த்து வாங்குங்கள், பவளத்தைக் கெடுக்கும் ஆக்சிபென்சோன் கலந்தவற்றை அமெரிக்க விர்ஜின் தீவுகளில் 2020-இலிருந்தே தடை செய்திருக்கிறார்கள்.

பாய்மரம்:

நான் மாற்றுக் கருத்துக்காரன். தீவைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிற ஒருவருக்கு க்ரூஸ் எதற்கு? காலை எட்டு மணிக்கு இறங்கி மாலை ஐந்துக்கு ஏறிவிட வேண்டும். உங்களோடு மூவாயிரம் பேர் அதே தெருவில் இறங்குவார்கள். சில நாள் பக்கத்தில் இன்னும் இரண்டு கப்பல் நிற்கும். செயின்ட் மார்ட்டினில் பிலிப்ஸ்பர்க் கடைத்தெரு அப்படிப்பட்ட நாளில் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மாலையில் கப்பல்கள் போன பிறகுதான் அந்த ஊர்க்காரர்கள் வெளியே வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள், மீன் சுடுகிறார்கள், பாட்டு கேட்கிறார்கள். க்ரூஸில் வருகிறவர் அதைப் பார்க்கவே முடியாது.

குவாதலூப், டொமினிகா, மார்த்தினிக், செயின்ட் லூசியா இந்த நான்கையும் இணைத்து எக்ஸ்பிரஸ் தே ஸில் என்ற வேகப்படகு ஓடுகிறது. ஒரு தீவுக்கு விமானத்தில் போய் அங்கிருந்து படகில் ஒவ்வொன்றாகத் தாவலாம். தங்குவதற்குச் சின்ன வீடுகள் கிடைக்கும். தனி ஆளுக்கு அதைவிட நல்ல பயணம் இல்லை.

தனிவழி:

பாய்மரம் சொல்லும் மாலை நேரம் உண்மைதான், அந்த இழப்பு எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் சொல்லும் வேகப்படகு எல்லா நாளும் எல்லாத் தீவுக்கும் போவதில்லை. கிழமை பார்த்து அதற்கேற்ப அறை போட வேண்டும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தீவிலும் குடியேற்றச் சோதனையில் நிற்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் அங்கே கிழக்குக் காற்று பலமாக வீசும், தீவுகளுக்கு நடுவில் இருக்கும் கால்வாய்களில் அந்தச் சின்னப் படகு போடும் ஆட்டம் சாதாரணமல்ல. அப்புறம் தீவில் ஓட்டல் அறைக்கும் ஒரு ஆள் என்றால் விலை பாதியாவதில்லை, அறைக்குத்தான் காசு. முக்கால்வாசிப் பொருள் வெளியிலிருந்து கப்பலில் வருவதால் சாப்பாடும் மலிவில்லை. பத்து நாள் லீவு உள்ளவருக்கு நாலைந்து தீவுகளை ஒரு முறை பார்த்துவிட்டு, பிடித்த தீவுக்கு இன்னொரு முறை தனியாகப் போவதுதான் சரி என்பேன்.

ரிட்டயர்டு_வாத்தியார்:

அம்மா அலையாத்தி, நான் 67 வயதுக்காரன், மனைவி போன பிறகு மகன் வற்புறுத்தி அனுப்பி வைத்தான். தனிமை பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். பகல் ஓடிவிடும். ராத்திரிச் சாப்பாட்டு நேரம்தான் கஷ்டம். இரண்டு பேர் மேசையில் எதிர் நாற்காலி காலியாக இருக்க ஒரு மணி நேரம் உட்காருவது என் மாதிரி ஆளுக்குப் பெரிய பாரம். அதற்கு ஒரே வழி, ஏறிய அன்றைக்கே சாப்பாட்டுக்கூட மேலாளரிடம் போய் "பெரிய மேசையில் பலரோடு உட்கார வைக்கவும்" என்று கேட்பது. எனக்குக் கனடாவிலிருந்து வந்த இரண்டு விதவைகளும், ஒரு தீயணைப்பு வீரரும், புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்றும் மேசைத் துணையாக அமைந்தார்கள். முதல் நாள் வானிலை பேசினோம், கடைசி நாள் அந்த அம்மாள் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லி அழுதார், நானும் அழுதேன். நமக்குத் தெரிந்தவர்களிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்லிவிட முடிந்தது. தினசரி நிகழ்ச்சித் தாளில் தனியாக வந்தவர்கள் கூடும் நேரம் என்று ஒன்று போட்டிருக்கும், முதல் சாயங்காலமே போய்விடுங்கள், மூன்றாம் நாள் போனால் அதற்குள் ஜமா சேர்ந்திருக்கும்.

நான் சைவம். முந்தின நாள் ராத்திரியே சொல்லி வைத்தால் பருப்பு, காய்கறி, சாதம் செய்து தருகிறார்கள். சமையலறையிலும் பரிமாறுவதிலும் கோவா, கேரளா, நம் ஊர்ப் பிள்ளைகள் நிறைய. ஒரு தூத்துக்குடிப் பையன் தினமும் ரசம் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். வீட்டைப் பிரிந்து மாதக்கணக்கில் உழைக்கிற பிள்ளைகள் அவர்கள், இரண்டு வார்த்தை தமிழில் பேசினால் முகம் மலர்ந்துவிடும்.

வயிற்றைப் புரட்டுவதற்கு: கப்பலின் நடுவில், கீழ்த்தட்டில் அறை எடுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. மெக்லிசின் மாத்திரை கடையிலேயே கிடைக்கும். வேறு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். புரட்டல் வருவதற்கு முன்னாலேயே போட வேண்டும். மருத்துவச் செலவுக்கும், அவசரத்தில் கரைக்குத் தூக்கிப் போவதற்கும் சேர்த்துக் காப்பீடு எடுக்காமல் ஏறவே வேண்டாம். நிலத்தில் இருக்கும் காப்பீடு பல நேரம் கப்பல் டாக்டரிடம் செல்லாது.

விசா_வேதாளம்:

யாரும் தொடாத விஷயம். அலையாத்தி, நீங்கள் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் என்றால் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரையின் தேதியை இப்போதே எடுத்துப் பாருங்கள். முத்திரை முடிந்துபோய் எதுவரை தங்கலாம் என்று குறிக்கும் ஐ-94 பதிவு மட்டும் இருந்தால், கனடா அல்லது மெக்சிகோவுக்கு 30 நாளுக்குள் போய்த் திரும்பலாம் என்று ஒரு சலுகை உண்டு. பலர் அது கரீபியன் தீவுகளுக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பக்கத்துத் தீவுகள் சேர்வது எஃப், ஜே விசாவில் (மாணவர், பரிமாற்றத் திட்டம்) இருப்பவர்களுக்குத்தான், அதிலும் கியூபா கிடையாது. எச்-1பி-க்குத் தீவுகள் சேராது. முடிந்துபோன முத்திரையோடு பார்படோஸ் போய் வந்தால் திரும்பி உள்ளே விட மாட்டார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பார்படோஸும் டொமினிகாவும் விசா கேட்பதில்லை. குவாதலூப்பும் மார்த்தினிக்கும் பிரான்சின் மாவட்டங்கள், ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா என்ற ஷெங்கன் எல்லைக்குள் வராது. வெறும் ஷெங்கன் விசாவை நம்பிப் போகாதீர்கள், கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்குச் செல்லும் என்று குறித்த விசா வேண்டும். கப்பலில் வந்து பகலில் மட்டும் இறங்குபவருக்கு என்ன விதி என்பதைக் கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தீவுக்கு விசா இல்லையென்றால் கிளம்பும் துறைமுகத்திலேயே ஏற்ற மறுப்பார்கள்.

லாஷப்பேல்_வாசி:

நான் பாரிசில் இருக்கிற யாழ்ப்பாணத்தான். குவாதலூப்புக்கு மூன்று கிழமை வேலைக்காகப் போயிருந்தேன், அதைப் பற்றி அக்காவுக்குச் சொல்ல வேண்டும்.

1848-இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றினார்கள். ஒரேலி என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்குக்கும், 1854 டிசம்பர் 24-இல் குவாதலூப்புக்கும் முதல் ஆட்களைக் கொண்டுபோனது. குவாதலூப்புக்கு மட்டும் அடுத்த முப்பத்தைந்து வருடத்தில் 40,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நிறையப் பேர் நோயிலும் வேலைக் கொடுமையிலும் செத்தார்கள். பிழைத்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இல்லை என்று அரசாங்கம் சொல்ல, குவாதலூப்பின் கப்பெஸ்தேர் ஊரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்றவர் 1904-இல் வழக்குப் போட்டு 1923 வரை விடாமல் நடத்தி உரிமை வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் கப்பெஸ்தேர் பக்கத்தில் சாங்கி என்ற இடத்தில் ஒரு கோயில் இருக்கிறது. பிரதான வீதியிலேயே தெரியும், நிறம் நிறமாகச் சிலைகள். அங்கே மாரியம்மனும் மதுரை வீரனும் இருக்கிறார்கள், பலி கொடுத்துக் கும்பிடுகிறார்கள். எனக்கு மயிர் கூச்செறிந்தது எது என்றால், நாகூர் மீரானுக்கும் கொடி ஏற்றுகிறார்கள். கடலில் வந்த முன்னோரைக் காப்பாற்றியவர் என்று இந்துக் குடும்பங்களே அவரை வணங்குகின்றன. பூசை செய்கிற முதியவரோடு கதைத்தேன். அவருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் பாட்டு வரும். அர்த்தம் தெரியாமல் தகப்பனிடம் கேட்டுப் பாடமாக்கிய பாட்டு. சில வரிகள் எனக்கு விளங்கியது, விளங்கியதைப் பிரெஞ்சில் சொன்னேன், அந்த மனுசன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

அக்கா, இதற்கு எட்டு மணித்தியாலம் காணாது. கப்பல் நிற்கிற புவாந்த் அ பீத்ரிலிருந்து கோயிலுக்கு வாகனத்தில் போய் வரலாம், ஆனால் அவசரம் அவசரமாக வரும். ஒரு யோசனை: குளிர்காலத்தில் எம்.எஸ்.சி., கோஸ்டா கப்பல்கள் குவாதலூப்பிலிருந்தே ஆட்களை ஏற்றிக்கொண்டு வெளிக்கிடும். இரண்டு மூன்று நாள் முன்னதாக விமானத்தில் போய் இறங்குங்கள், கோயிலையும் மனிதர்களையும் ஆறுதலாகப் பாருங்கள், பிறகு கப்பலில் ஏறுங்கள். துறைக்குப் பக்கத்திலேயே, பழைய சீனித் தொழிற்சாலை இருந்த நிலத்தில் 2015-இல் திறந்த அடிமை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும். ஆங்கிலம் அவ்வளவாகச் செல்லாது, நாலு பிரெஞ்சு வசனம் பாடமாக்கிக்கொண்டு போங்கள்.

பாய்மரம்:

லாஷப்பேல்_வாசி சொன்னது அருமையான வழி, என் மறுப்பை இதற்கு மேல் இழுக்கப் போவதில்லை. மாலை நேரமும் கிடைக்கும், நாலு தீவும் கிடைக்கும்.

கோவை_மழை:

இடையில் ஒரு கேள்வி. அமெரிக்கா வரை போக வசதி இல்லாதவர்களுக்கு இந்தியாவிலேயே இப்படித் தனியாகப் போக எதுவும் உண்டா?

பைசா_பார்ப்பவன்:

லட்சத்தீவு. கொச்சியிலிருந்து எம்.வி. கவரட்டி கப்பலில் அரசின் சுற்றுலா அமைப்பு 'சமுத்திரம்' என்ற பெயரில் கவரட்டி, கல்பேனி, மினிக்காய் தீவுகளுக்குக் கூட்டிப் போகும் திட்டம் உண்டு. பகலில் தீவு, இரவில் கப்பல். கட்டணம் தலைக்கு இவ்வளவு என்பதால் தனி ஆளுக்கு இரட்டிப்பு இல்லை, பதிலுக்கு அறையை முன்பின் தெரியாதவரோடு பகிர வேண்டும். கப்பல் வெளியே நிற்கும், சின்னப் படகுக்கு மாறித்தான் கரைக்குப் போக வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்கவும். நுழைவு அனுமதி கட்டாயம், மழைக்காலத்தில் ஓடாது. மினிக்காயில் 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்த்தால் காயல் முழுவதும் தெரியும். சொகுசை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அது அந்தத் தீவு மக்களின் போக்குவரத்துக் கப்பலும்கூட. விரிவாக வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், எழுதுகிறேன்.

அலையாத்தி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. லாஷப்பேல்_வாசி தம்பி எழுதியதை அம்மாவுக்குப் போனில் முழுசாக வாசித்துக் காட்டினேன். நாகூர் ஆண்டவர் பேச்சு வந்ததும் அம்மா பேசாமல் இருந்தார், அப்புறம் "போயிட்டு வா, எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்க" என்று சொல்லிவிட்டார். சட்டம், கண்துளை, 42 அங்குலம் எதுவும் தேவைப்படவில்லை.

விசா முத்திரைக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். பிரெஞ்சு விசாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். மூன்று நாள் முன்னதாக குவாதலூப் போய்விட்டு அங்கேயே கப்பல் ஏறுவதாக முடிவு. டொமினிகா, செயின்ட் லூசியா, பார்படோஸ், மார்த்தினிக் வருகிற தடம் ஒன்று இருக்கிறது. உள் அறை, நடுவில், கீழ்த்தட்டு. இந்த நாலிலும் நானாக நடந்தோ பஸ்ஸிலோ போகக்கூடியது எது, கப்பல்காரர்களோடு போக வேண்டியது எது?

தனிவழி:

மார்த்தினிக் நீங்களாகவே. ஃபோர் த ஃபிரான்சில் கப்பல் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே நிற்கும், ஷோல்ஷர் நூலகம் நடக்கும் தூரம், விரிகுடாவைக் கடந்து த்ருவா ஸீலே கடற்கரைக்குப் பயணிகள் படகு அடிக்கடி போகும். பார்படோஸும் நீங்களாக. பஸ்ஸும் குட்டி வேனும் நிறைய, அமெரிக்க டாலரை வாங்கிக்கொள்வார்கள், இரண்டு உள்ளூர் டாலருக்கு ஒரு அமெரிக்க டாலர் கணக்கு. செயின்ட் லூசியாவில் மட்டும் கப்பல்காரர்களோடு போங்கள், பித்தோன் மலைகள் தெற்கே சூஃப்ரியேர் பக்கம், கப்பல் நிற்கும் காஸ்த்ரீஸிலிருந்து வளைந்து வளைந்து போகும் மலைச் சாலை, வழியில் ஒரு லாரி நின்றாலும் நேரம் போய்விடும்.

பாய்மரம்:

டொமினிகாவில் ட்ரஃபால்கர் அருவி தலைநகர் ரோசோவிலிருந்து பக்கம், துறைக்கு வெளியே வேன்கள் பங்குக்கு ஆள் சேர்த்துக்கொண்டு நிற்கும், மற்றப் பயணிகளோடு சேர்ந்து ஏறுங்கள், விலையையும் திரும்பும் நேரத்தையும் ஏறும் முன்னே பேசிவிடுங்கள். 2017-இல் மரியா புயல் அந்தத் தீவையே உரித்துப் போட்டது, காடு திரும்பி வந்திருக்கும் வேகத்தைப் பாருங்கள். பாறை வழுக்கும், பிடிமானம் உள்ள செருப்பு வேண்டும்.

இன்னொன்று, கப்பல் கிளம்பியதும் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் செல்பேசிக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால் பில் தாறுமாறாக வரும். அம்மாவிடம் எந்தெந்த நாள், எந்தத் தீவிலிருந்து கூப்பிடுவீர்கள் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள், இடையில் போன் வரவில்லையே என்று பயப்பட மாட்டார்.